கேசட்டின் கடைசிப் பதினொரு நிமிடம்

கேமராத் திரையைப் பார்த்ததும் வீடியோ அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இது யாரு?"

ஜன்னலுக்கு முன்னால் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்திருந்தோம். வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வந்ததால் முகம் முழுக்க இருட்டு. தோளும் கத்தரித்த முடியும் மட்டும் கோடாகத் தெரிந்தன.

"நீங்கதான்க்கா," என்றேன்.

"நானா? திருடன் வீட்டுக்குள்ள பூந்து உக்காந்திருக்க மாதிரி இருக்கு."

எழுந்தார். திரைச்சீலையை இழுத்து மூடினார். எங்கள் கேமராமேன் கையிலிருந்த விளக்கை வாங்கி, வெள்ளைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். சுவரில் பட்டு வந்த வெளிச்சம் நாற்காலி மேல் பரவியது. மறுபடி போய் உட்கார்ந்து, முகவாயைக் கொஞ்சம் தூக்கி, "இப்ப எடு தம்பி," என்றார். ஐம்பத்தெட்டு வயது முகம். கன்னத்தில் ஒரு மரு, பெரிய மூக்கு, சிரிக்கத் தயாரான வாய். எல்லாமே தெரிந்தன.

பிறகு என் பக்கம் திரும்பினார். "முகம் வேண்டாம்னு உங்கிட்ட யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. ஒப்புதல் படிவத்தில் 'முகம் மறைக்கப்பட வேண்டும்' என்ற கட்டத்தில் நான்தான் டிக் அடித்திருந்தேன், அவரைச் சந்திப்பதற்கு முன்பே. பெண்ணை நேசித்த பெண்கள், ஆணை நேசித்த ஆண்கள், திருநங்கைகள், திருநம்பிகள், இவர்களெல்லாம் எங்கள் ஊரில் நாற்பது வருடமாக ஒருவரையொருவர் எப்படிக் கண்டுபிடித்துச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதைப் பற்றிய ஆவணப்படம் அது. ஆட்களைத் தேடிப் பேசுவதும் படிவம் நிரப்புவதும் என் வேலை. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் எந்தப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் வரும். ஆளைக் கேட்காமலே டிக் அடித்துப் பழகிய கை இது. அதோடு, வீட்டில் சொல்லாத விஷயம் ஒன்று எனக்கும் உண்டு. அந்தக் கட்டத்தை மரியாதை என்று நினைத்தேனா, என் பயத்தை இன்னொருத்தர் பெயரில் எழுதினேனா என்று இன்றும் எனக்குத் தெளிவாகத் தெரியாது.

"சாரிக்கா," என்றேன்.

"சாரி எல்லாம் இருக்கட்டும். அடிச்சுட்டு வேற போடு."

*

வீடியோ அக்கா இந்தத் தொழிலுக்கு வந்தது பத்தொன்பதாவது வயதில், ஒரு ஸ்டூடியோவில் விளக்குப் பிடிக்கும் ஆளாக. அப்போது கேமரா தோளில் வைத்துத் தூக்க வேண்டிய கனத்தில் இருக்கும். கல்யாண வீடுகளில் மணப்பெண் அலங்கரித்துக்கொள்ளும் அறைக்குள் கேமராமேனை விட மாட்டார்கள். ஒருநாள் முதலாளி வேறு வழியில்லாமல் இவர் தோளில் கேமராவை ஏற்றி உள்ளே அனுப்பினார். படம் நன்றாக வந்தது. அடுத்த மாதத்திலிருந்து பெண் வீட்டார் "அந்த வீடியோக்காரப் பொண்ணையே அனுப்புங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெயர் போய் வீடியோ என்பதே பெயராக நின்றுவிட்டது.

அவருடைய துணைவிக்கும் அப்படித்தான். மின்சார அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. அதனால் மீட்டர். இருவரும் சந்தித்த கதையை வீடியோ அக்கா கேமராவுக்கு முன்னால் சொன்னபோது எங்கள் கேமராமேனுக்குச் சிரிப்பில் கை ஆடிவிட்டது.

"எங்க ஸ்டூடியோவுல மீட்டர் பெட்டி அருவிக்குப் பின்னாடி இருக்கும். போட்டோ எடுக்கறதுக்காகச் செவுத்துல தொங்கவிட்ட துணி, அதுல வரைஞ்ச அருவி. ஒரு புருஷன் பொண்டாட்டியை அது முன்னாடி நிக்க வச்சு ஃபோகஸ் பண்ணிட்டிருக்கேன். அருவியைப் பொளந்துக்கிட்டு ஒருத்தி வர்றா. கையில நோட்டு, காதுல பென்சில், தலையெல்லாம் ஒட்டடை. 'யூனிட் நானூத்தி பன்னெண்டு'ங்கறா. அந்தப் பொண்டாட்டி பயந்துபோய்ப் புருஷனைக் கட்டிப் பிடிச்சுக்கிச்சு. அந்த போட்டோ ரொம்ப நல்லா வந்துச்சு."

"அப்பவே பிடிச்சுப் போச்சா?" என்று டைரக்டர் கேட்டார்.

"அப்ப எரிச்சல்தான் வந்துச்சு. மறுமாசம் அவ எப்ப வருவான்னு தேதி பாத்தேன். அப்பதான் தெரிஞ்சது."

எங்கள் டைரக்டருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. இந்த மக்களைப் பற்றி எடுத்த படங்களில் எல்லாம் அழுகை இருக்கிறது, சிரிப்பை எடுத்தவர் குறைவு என்பார். ஆனால் சிரிப்புக்குச் சாட்சி கிடைப்பது அத்தனை சுலபமாக இல்லை. போன இடமெல்லாம் கதை கிடைத்தது, படம் கிடைக்கவில்லை. கிழித்தது, எரித்தது, வீட்டை விட்டு ஓடும்போது விட்டுவந்தது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது.

வீடியோ அக்காவின் காரணம் வேறு. கல்யாணத்தில் கேமராவுக்குள் ஓடும் மூலக் கேசட் மூன்று மணி நேரம் வரும். அதிலிருந்து தலைப்பும் பாட்டும் சேர்த்து வேறொரு கேசட்டில் பதிந்து கல்யாண வீட்டுக்குக் கொடுப்பார்கள். மூலக் கேசட்டின் கடைசியில் பத்து, பதினைந்து நிமிடம் மிஞ்சும். அந்த மிச்சத்தில்தான் வீடியோ அக்கா தன் ஆட்களை எடுப்பார். யாருக்காவது பிறந்தநாள், யாரோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தது, சும்மா ஒரு மத்தியானம். ஆனால் புதுக் கேசட் வாங்க முதலாளிக்கு மனசு வராது. அடுத்த கல்யாணம் பழைய கேசட்டின் மேலேயே பதிவாகும். போன கல்யாணமும் போகும், அதன் வாலில் இருந்த இவர்களும் போவார்கள்.

"எட்டு வருஷம் எங்க ஆளுங்களை எடுத்தேன். எட்டு வருஷமும் நானே அழிச்சேன்," என்றார் வீடியோ அக்கா. "ஒரே ஒரு தடவைதான் தப்பு பண்ணேன்."

*

அந்தத் தப்பு இது. இரண்டு கேசட்டும் ஒரே மாதிரிக் கறுப்பு உறையில், ஒரே மணப்பெண்ணின் பெயரோடு மேசைமேல் இருந்தன. அவசரத்தில் கல்யாண வீட்டுக்குக் கொடுக்க வேண்டியது ஸ்டூடியோவில் தங்கிவிட்டது. மூலக் கேசட் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் முப்பது உறவினர்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பாட்டு வராததையே பெரிய குறையாகப் பேசிக்கொண்டிருந்தார்களாம். கல்யாணம் முடிந்தது. திரையில் கொஞ்ச நேரம் புள்ளி புள்ளியாக ஓடியது. பிறகு ஒரு சின்ன அறை வந்தது. ஒரே துணியில் தைத்த சட்டை போட்ட இரண்டு பெண்கள், அதில் ஒருத்தி கல்யாணத்துக்கு வந்த வீடியோக்காரப் பெண். சுற்றி ஆறு பேர். நிறுத்துவதற்கு யாராவது எழுந்து போவதற்குள் பார்க்க வேண்டியதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் மாப்பிள்ளையின் அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். வாசலில் நின்றே பேசினார். தெருவுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் வாசலில் நின்றார் என்பது வீடியோ அக்காவின் கணிப்பு.

"கேசட்டைத் திருப்பிக் குடுங்கம்மான்னு கேட்டேன். எரிச்சாச்சுன்னாங்க. முதலாளி அன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிட்டார். மீட்டர் என்ன பண்ணா தெரியுமா? அந்த மாசம் அந்தம்மா வீட்டுக்குக் கணக்கெடுக்கப் போனா. பக்கத்துத் தெருவுல கணக்கெடுக்கற பொண்ணு மாத்திக்கிறேன்னு சொல்லியும் கேக்கல. கதவைத் தட்டி, 'மீட்டர்'னு சொல்லி, உள்ள போய்ப் படிச்சு எழுதிட்டு, 'வரேம்மா'ன்னுட்டு வந்தா. மாசா மாசம் போனா. அவங்களுக்கும் வேற வழி இல்ல, கரண்ட் வேணுமே."

வீடியோ அக்காவும் ஒடுங்கிப்போகவில்லை. கைமாறிய கேமரா ஒன்றை வாங்கி, குடியிருந்த வீட்டு வாசலிலேயே பலகை மாட்டினார். பாதி ஊர் வரவில்லை. மீதி ஊர் வந்தது. மணப்பெண் அறைக்குள் போகக்கூடிய கேமரா அப்போது இவரிடம் மட்டும்தான் இருந்தது. "என்னைப் பத்தித் தெரிஞ்சே கூப்பிட்டாங்க. அந்தம்மா எனக்கு இலவசமா விளம்பரம் பண்ணியிருந்தாங்க."

பேட்டி முடிந்து டைரக்டரோடு வண்டியில் திரும்பினேன். நான்தான் ஆரம்பித்தேன். "அந்த மணப்பெண்ணைத் தேடிப் பார்க்கட்டுமா?"

"எரிச்சுட்டாங்கன்னு சொன்னாங்களேம்மா."

"மாமியார் சொன்னதுதானே."

*

மணப்பெண்ணுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. நோட்டு, பேனா விற்கும் கடை வைத்திருக்கிறார். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கடையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். பீரோவின் அடித்தட்டில், பழைய போர்வைக்குள் இருந்தது கேசட்.

"எரிக்கச் சொன்னாங்க. வீட்ல ஒரு சினிமா கேசட் இருந்துச்சு, எனக்குப் பிடிக்காத படம். அதை எரிச்சேன்," என்றார்.

"இதை ஏன் வச்சிருந்தீங்க?"

"எங்கப்பா நடந்து வர்றது இதுல மட்டும்தான் இருக்கு." போர்வையை மடித்து வைத்தார். "அதை மட்டும் சொன்னா பொய்யாயிடும். வீட்ல வீடியோ டெக் ஓடின வரைக்கும் கடைசியில வர்றதையும் பார்ப்பேன். யாரும் இல்லாதப்ப. ரெண்டு பேர் சேர்ந்து ஜன்னலுக்குத் துணி மாட்டுறாங்க, சண்டையே இல்லாம. எனக்குக் கல்யாணம் ஆகி முப்பது வருஷம் ஆச்சு, இந்த வீட்ல அப்படி ஒரு துணி மாட்டினது கிடையாது."

கேசட்டில் பூஞ்சை படிந்திருந்தது. அதைத் துடைத்து ஓட வைக்க ஒரு ரிப்பேர்க்காரருக்கு இரண்டு வாரம் ஆனது. எங்கள் அலுவலகம் ஓர் அச்சகத்துக்கு மேல் இருக்கும் ஒற்றை அறை. அங்கே எடிட்டரின் கணினியில் அந்தப் பதினொரு நிமிடத்தை வீடியோ அக்காவுக்குப் போட்டுக் காட்டினோம்.

வாடகை வீட்டுக்குக் குடி வந்த நாள் அது. கட்டம் போட்ட நீலத் துணியில் இரண்டு சட்டை. தைத்தவர் ஒரு திருநங்கை. அவரும் கூட்டத்தில் நிற்கிறார், சட்டையின் காலரை இழுத்துச் சரிசெய்கிறார். மீட்டர் ஒல்லியாக, நீளக் கழுத்தோடு, ஒரு தாளைப் பார்த்துப் படிக்கிறார். "இன்னையிலேருந்து இந்த வீட்ல நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். சமையல் ஒரு நாள் விட்டு ஒரு நாள். சண்டை வந்தா கோவிச்சுக்கிட்டு யாரும் அம்மா வீட்டுக்குப் போகக் கூடாது. போனாலும் சேர்த்துக்க மாட்டாங்க." எல்லோரும் சிரிக்கிறார்கள். யாரோ கைதட்டுகிறார்கள். மீட்டர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் பெண்ணின் கன்னத்தில் முத்தம் கொடுக்கிறார். பிறகு நேராகக் கேமராவைப் பார்க்கிறார்.

வீடியோ அக்கா அழுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். டைரக்டர் தண்ணீர் பாட்டிலைக்கூட எடுத்து வைத்திருந்தார்.

"ஃபோகஸ் கொஞ்சம் போயிருக்கு," என்றார் வீடியோ அக்கா. "கேமராவை ஸ்டூல் மேல வச்சுட்டு வந்து நின்னேன். இன்னொரு தடவை போடு."

ஆறு தடவை போட்டோம்.

*

இறந்தவர்கள் படத்தில் வந்தால் குடும்பத்துக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மீட்டர் இறந்து ஆறு வருடமாகிறது. இருந்த ஒரே குடும்பம் அண்ணன், இரும்புக் கடைக்காரர். அவருக்கு நான்தான் கடிதம் எழுதினேன். மூன்று வரியில் பதில் வந்தது. தங்கையின் முகம் படத்தில் வரக்கூடாது, வந்தால் வழக்குப் போடுவேன், படம் எங்கேயும் ஓடாது.

மூன்று வாரத்தில் முதல் திரையிடல். மண்டபம் பேசி, ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. டைரக்டர் பயந்தார். நானும் பயந்தேன். எடிட்டர் மீட்டரின் முகத்தை மட்டும் மங்கலாக்கி ஒரு பிரதி தயார் செய்தார்.

வீடியோ அக்கா அதைப் பார்த்தார். "என்ன இது, கொதிக்கிற பானைக்குப் பின்னாடி நிக்கறா?"

"ஒரு முகம்தானேக்கா," என்றார் டைரக்டர். "சிரிப்பு இருக்கு, குரல் இருக்கு, நீங்க இருக்கீங்க."

"எத்தனை கல்யாணம் எடுத்திருக்கேன்னு எனக்கே தெரியாது. பிடிக்காத மாப்பிள்ளையைக்கூட முகம் தெரியாம எடுத்தது கிடையாது. இவளை விடுவேனா?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவரை வரச் சொல்லு. நான் பேசறேன்."

அவர் வருவதற்கு முந்தைய நாள், நான் கேட்டதற்காக வீடியோ அக்கா சாவு நடந்த நாளைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டது அண்ணன். 'நீங்க யாரு?' என்று நர்ஸ் கேட்டபோது 'கூட இருக்கறவ' என்று சொன்னதற்கு, 'சொந்தக்காரங்க மட்டும்தான்' என்று கதவைச் சாத்தினார்கள். உடலும் அண்ணன் வீட்டுக்குப் போனது. வாசலில் இவரைத் தடுக்க ஆள் நிறுத்தியிருந்தார்கள்.

"வீட்டுக்குப் போய் பழைய கேமராவை எடுத்துத் தோள்ல வச்சுக்கிட்டுத் திரும்பி வந்தேன். வீடியோக்காரியை யாரு தடுப்பா? வழி விட்டாங்க. ரெண்டு மணி நேரம் அவ தலைமாட்டுல நின்னேன். கேமரா ஓடல. கேசட்டே போடல."

*

அண்ணன் காலை பதினொரு மணிக்கு வந்தார். எழுபது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, மூச்சு வாங்கியபடி மாடி ஏறினார். நான் தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். வீடியோ அக்காவைப் பார்க்காமல் டைரக்டரிடமே பேசினார்.

"எங்க குடும்பத்துல பேத்திக்கு வரன் பாத்துட்டிருக்கோம். இந்த நேரத்துல இது வேண்டாம். அவ போயிட்டா. அவ சார்பா நான் சொல்றேன்."

"அண்ணே," என்றார் வீடியோ அக்கா. "அவ உயிரோட இருந்தப்ப அவ சார்பா நீங்க எவ்வளவோ பேசினீங்க. ஒண்ணையாவது அவ கேட்டாளா?"

"உங்கிட்ட நான் பேசல."

"நான்தான் உங்ககிட்ட பேசிட்டிருக்கேன். படத்தைப் பாருங்க."

எடிட்டர் போட்டார். மங்கல் இல்லாத பிரதி. அண்ணன் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தங்கை தாளைப் படிக்கும் இடத்தில் அவர் உதடு லேசாக அசைந்தது. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "முகம் வரக்கூடாது. வந்தா கோர்ட்டுக்குப் போவேன்," என்றார்.

டைரக்டர் என்னைப் பார்த்தார். அந்த நிமிடம் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். மங்கலாக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். படம் வந்தால் போதுமே என்றுதான் நினைத்தேன்.

வீடியோ அக்கா நாற்காலியை அவர் பக்கமாக நகர்த்தினார். குரல் ஏறவில்லை.

"போங்க. கண்டிப்பா போங்க. கோர்ட்டுல முதல்ல என்ன கேப்பாங்க தெரியுமா? இறந்துபோனவங்க உங்களுக்கு என்ன வேணும்னு என்னைக் கேப்பாங்க. இருபத்துநாலு வருஷம் ஒரே வீட்ல இருந்தோம். அந்தக் கேள்வியை ஒரு ஆபீஸ்ல, ஒரு ஆஸ்பத்திரியில, ஒருத்தர் கேட்டு நான் சொன்னதை எழுதிக்கிட்டது கிடையாது. கோர்ட்டுல எழுதுவாங்க. நான் சொல்லச் சொல்ல ஒருத்தர் உக்காந்து டைப் அடிப்பாரு. கீழ கையெழுத்துக் கேப்பாங்க, போடுவேன். அது கோர்ட்டுல அப்படியே இருக்கும். உங்க பேரும் என் பேரும் அவ பேரும் ஒரே தாள்ல. நீங்க கேஸ் போடலேன்னா நான் அதுக்கு எங்க போவேன்?"

அண்ணன் எழுந்தார். "வெக்கம் கெட்டவ நீ."

"ஆமா," என்றார் வீடியோ அக்கா. "இன்னொண்ணு. உங்களை இத்தனை வருஷமா அண்ணேன்னு கூப்பிட்டது தப்பு. பொண்டாட்டியோட அண்ணனை அப்படிக் கூப்பிட மாட்டாங்க. முறைப்படி நீங்க எனக்கு மச்சான். படிக்கட்டு செங்குத்தா இருக்கு மச்சான், பாத்து இறங்குங்க."

அவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

வழக்கு வருமா வராதா என்று யாருக்கும் தெரியாது. டைரக்டர் ஜன்னலோரம் போய் நின்று தெருவைப் பார்த்தார். பிறகு எடிட்டரிடம், "மங்கலை எடுத்துடு. வந்தா வரட்டும்," என்றார்.

எடிட்டர் ஒரு பொத்தானை அமுக்கினார். மீட்டரின் முகம் வந்தது. நீளக் கழுத்து, கேமராவை நேராகப் பார்க்கும் கண்.

"பேர் போடணுமே," என்றார் எடிட்டர். படத்தில் வரும் ஒவ்வொருவர் முகத்துக்கும் கீழே பெயரும், அவர் யார் என்று ஒரு வரியும் போடுகிறோம். அந்த வரியை எழுதுவது நான். தோழி, துணை, இணையர் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தேன். எது பொருத்தம் என்று இரண்டு நாள் யோசித்திருந்தேன். இந்தத் தடவை யோசிப்பதை நிறுத்திவிட்டு அவரையே கேட்டேன்.

"சம்சாரம்னு போடு," என்றார் வீடியோ அக்கா.

தட்டினேன். பெயர், அதற்குக் கீழே 'வீடியோ அக்காவின் சம்சாரம்'. அவர் நாற்காலியை விட்டு எழுந்து அறையின் கடைசி வரைக்கும் நடந்துபோய், கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார்.

"எழுத்து சின்னதா இருக்கு. மண்டபத்துல கடைசி வரிசைக்குத் தெரியாது. பெருசாக்கு."

பெரிதாக்கினேன்.

"இன்னும்," என்றார்.